முதல்ல மணல்ல போடு

லோகித் போட்ட ஆட்டுக்கு மூணு காலுதான். அதுக்கு நான் என்னங்க பண்றது? தலையைப் பெருசா போட்டான், கொம்பைப் பெருசா போட்டான், தாடியை ஆசை ஆசையா இழுத்துவிட்டான், உடம்பைப் போட்டு மூணு காலையும் போட்டதும் பேப்பர் முடிஞ்சுபோச்சு, நாலாவது காலுக்கு இடமில்ல, பையன் க்ரேயானைக் கீழ வச்சுட்டு மூக்கை நோண்ட ஆரம்பிச்சுட்டான். அப்பதான் அந்த ஆடு பேப்பரை விட்டு எந்திரிச்சு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிட்டு, 'ம்மே'ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு, ரஞ்சிதக்கா ஆஞ்சு வச்சிருந்த முருங்கைக்கீரையில போயி வாயை வச்சுது. ரஞ்சிதக்கா எங்க பால்வாடி ஆயா. "அடச்சீ, அந்தாண்ட போ"ன்னு அதை ஒரு தட்டு தட்டிட்டு, "டீச்சரம்மா, இது யாரு வூட்டு ஆடு?"ன்னாங்க. "லோகித் வீட்டு ஆடு"ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது.

மத்தியானம் பையனைக் கூட்டிக்கிட்டுப் போக வந்த அவன் அம்மா ஆட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தா. ஆடு எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. "ஏன் டீச்சர், ஆடுன்னா நாலு காலு வேணாமா? நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"ன்னு கேட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஆனா அன்னையிலேர்ந்து இந்த ஊர் மொத்தமும் என்னைக் கேட்ட கேள்வி அது ஒண்ணுதான்.

என் பேரு தனபாக்கியம். சர்க்கார் போர்டுல அங்கன்வாடின்னு இருக்கும், ஊர் வாயில பால்வாடி. நான் உள்ளூர்க்காரி இல்ல, வயக்காட்டுப் பக்கம். தினமும் காலைல பஸ் ஏறி இந்த சிப்பிக்குப்பத்துக்கு வருவேன், கதவைத் திறந்தா எதிர்ல கடலு, உள்ள நண்டும் சிண்டுமா புள்ளைங்க. கடல் சத்தத்தைக்கூட சமாளிச்சிடலாம். நாலு வயசுப் புள்ளையை ஒரு வேலை தொடங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் யோசிக்க வைக்கிறது இருக்கே, அதை யாராவது பண்ணிக் காட்டுங்க, நான் வேலையை விட்டுட்டு அவங்க வீட்டுல பத்துப் பாத்திரம் தேய்க்கிறேன்.

அந்த வாரம் முழுக்க அதே கூத்துதான். கனிஷ்கா போட்ட சூரியனுக்குக் கண்ணு, மூக்கு, இமைமுடி எல்லாம் இருந்துச்சு. அது ஃபேன்ல இடிச்சுக்காம பதவிசா ஜன்னல் வழியா வெளிய போயி, தென்னை மரத்துக்கு ஒரு முழம் மேல நின்னுகிச்சு. மார்கழி மப்புல நிஜ சூரியனைக் கண்ணுல காணோம், பொம்பளைங்க கருவாட்டைக் கூடையோட தூக்கிட்டு வந்து இதுக்குக் கீழ பரப்பிட்டாங்க, இதுவும் அவங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே காயவச்சுது. "சூடு கொஞ்சம் பத்தல டீச்சர், அடுத்த தடவை சிவப்புல போடச் சொல்லுங்க"ன்னு எனக்குச் சொல்லிவிட்டாங்க. ரோஷன் ஒரு மீன் போட்டான், ஒரு படகு அளவுக்கு மீனு, ஆனா அதுக்கு வாய் நிறைய சிரிப்பு. அரிவாமனையைத் தூக்கிட்டு வந்தவங்க எல்லாம் அது மூஞ்சியைப் பாத்துட்டுத் திரும்பிட்டாங்க, சிரிக்கிற மீனை எந்த மகராசி அறுப்பா? நாலு ஆளு சேந்து அதைத் தூக்கிட்டுப் போயி கடல்ல விட்டுட்டு வந்தாங்க. இன்னொரு புள்ளை போட்ட வீட்டுக்கு வாசப்படி கூரை ஓரத்துல இருந்துச்சு. புதுசா கல்யாணமாகி இடமில்லாம இருந்த ஒரு ஜோடி அதுக்கு ஏணி சாத்திக் குடிபோயிருச்சு. "கஷ்டமா இல்லையாம்மா?"ன்னு நான் கேட்டதுக்கு, "எங்க மாமியாருக்கு ஏணி ஏற வராது டீச்சர்"னு அந்தப் பொண்ணு சந்தோஷமா சொல்லுச்சு.

ஏன் இப்படி ஆச்சு, க்ரேயான் டப்பாவுல இருக்கா, காத்துல இருக்கான்னு என்னைக் கேக்காதீங்க. அந்த ஊர்ல யாரும் கேக்கல. கடல்லேர்ந்து எது எதுவோ வருது, ஒரு நாளு மத்தி, ஒரு நாளு சொறிமீனு, ஒரு நாளு ஒண்ணுமில்ல, ஏன்னு கேட்டா கடலு பதில் சொல்லுமா? ஊர்ப் பஞ்சாயத்தார் மாசிலாமணி கரையில ஏலக்கொட்டகையில ஊரைக் கூட்டி, துண்டை மடியில போட்டுக்கிட்டு, "வலை போட்டவன் மீனை உண்டாக்குனானா? வந்ததைப் பங்குதான போடுறோம்? இதுக்கும் அதே முறைதான்"னு சொல்லிட்டாரு. பேப்பரும் கலரும் பால்வாடியோடது, அதனால படகுக்காரர் பங்கு பால்வாடிக்கு. கை புள்ளையோடது, அதனால வலை இழுக்கிற ஆளுப் பங்கு புள்ளை வீட்டுக்கு. மிச்சம் மாரியம்மன் கோயிலுக்கு. மூணுகால் ஆட்டைப் பங்கு பிரிக்க வராதுன்னு முழுசா கோயிலுக்கே நேந்து விட்டுட்டாங்க. அது இன்னும் நொண்டி நொண்டி என் பால்வாடிக்குத்தான் கீரை தின்ன வருது.

பங்கு பிரிச்சு முடிச்சதும் மாசிலாமணி என் பக்கம் திரும்புனாரு. "எல்லாஞ் சரி டீச்சர், வர்ற பொருளு உருப்படியா வரணும். புள்ளைவோ யோசிக்காம கையை வைக்குது. தொடங்கறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்கிறது ஒங்க வேலை."

"ஐயா, அதுங்களுக்கு நாலு வயசு"ன்னேன்.

"நாங்க நாலு வயசுல கட்டுமரம் ஏறுனோம்"னாரு. சுத்தி இருந்த ஆம்பளைங்க எல்லாம் ஆமாம் ஆமாம்னு தலையை ஆட்டுனாங்க. இவங்ககிட்ட என்ன பேசுறது?

ட்ரெயினிங்ல எங்களுக்குச் சொல்லித்தான் குடுத்திருக்காங்க. படம் போடறதுக்கு முன்னாடி குழந்தையைப் பக்கத்துல உக்கார வச்சுக் கேக்கணும்: என்ன போடப் போற, எவ்ளோ பெருசு, தலை எங்க வரும், வாலு எங்க வரும், பக்கத்துல யாரு நிப்பாங்க, எந்தக் கலரு முதல்ல. ஏ.சி. ரூம்ல ஒரு மேடம் இதைக் கேட்டப்ப நாங்க பெரிய பொம்பளைங்க எல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்லி, கைதட்டு வாங்கி, பிஸ்கெட் தின்னுட்டு வந்தோம். இங்க நான் லோகித்தைக் கேட்டேன், "என்ன போடப் போற, தங்கம்?"

"ஆனை."

"ஆனை எவ்ளோ பெருசு?"

"இவ்ளோ...!" ரெண்டு கையையும் விரிச்சதுல பக்கத்துல இருந்தவ மூக்குல குத்திட்டான். அவ அழுது, அவளைச் சமாதானப்படுத்தி, "சரி, தும்பிக்கை எந்தப் பக்கம்?"னு கேட்டா, "இந்தப் பக்கம்"னு சரியாத்தான் காட்டுறான். காலு எத்தனைன்னா நாலுன்னான். எனக்கு மனசு குளுந்துபோச்சு. க்ரேயானைக் குடுத்தேன். பஸ்ஸைப் போட்டான். ரெண்டே ரெண்டு சக்கரம், அதுவும் ரெண்டும் மேல. அது பால்வாடி நடுவுல மல்லாக்க விழுந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, சாயங்காலம் பெரிய ஆளுங்க வந்து புரட்டிப் போடுற வரைக்கும் ஒரு புள்ளையும் தூங்கல.

அப்பதான் எனக்கு மணல் தட்டு ஞாபகம் வந்துச்சு. அ, ஆ எழுதிப் பழகறதுக்கு எங்ககிட்ட தட்டு நிறைய கடல் மணல் உண்டு, விரலால எழுதறது, உள்ளங்கையால அழிக்கறது. மணல்ல போட்டது எதுவும் எந்திரிக்கல, அதை நான் நல்லா கவனிச்சிருந்தேன். அதனால சட்டம் போட்டேன்: முதல்ல மணல்ல போடு, தலை இங்க, காலு இங்கன்னு பாரு, சரியா வந்தாத்தான் பேப்பரு. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என் வாயில வேற வார்த்தை இல்ல. முதல்ல மணல்ல போடு, முதல்ல மணல்ல போடு. வீட்டுல என் வீட்டுக்காரர் சட்டையைத் தேட ஆரம்பிச்சாக்கூட "முதல்ல மணல்ல போடு"ன்னுட்டேன்.

ரோஷனோட அப்பா போட்டுக்கு மோட்டார் கேட்டாரு. மனுஷன் பழைய மோட்டாரைத் தோள்ல தூக்கிட்டு வந்து பால்வாடி நடுவுல வச்சு, புள்ளைக்குக் காட்டி, இது இறக்கை, இது கயிறு, இது எண்ணெய் ஊத்தற இடம்னு சொல்லிக் குடுத்தாரு. ரோஷனும் வாரம் பூரா மணல்ல போட்டுப் போட்டு அழிச்சான், கடைசியில கண்ணுல ஒத்திக்கலாம் போல ஒரு மோட்டார் மணல்ல வந்துருச்சு. அப்பாவை வரச்சொன்னேன், பேப்பரை விரிச்சேன், பையன் கால் மேல கால் போட்டுக்கிட்டு ஒரு மாங்காயைப் போட்டான்.

"ஏன்டா, மோட்டாரு எங்கடா?"

"அதான் மணல்ல போட்டாச்சே டீச்சர்"னான்.

அவனைச் சொல்லி என்ன குத்தம்? அவனுக்கு அந்த வேலை முடிஞ்சுபோச்சு. அவங்க அப்பா மாங்காயைக் கையில எடுத்துக்கிட்டு, என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஏதோ நான்தான் அவர் மோட்டாரைத் திருடித் தின்னுட்ட மாதிரி. ஜன்னல்ல வேற எந்நேரமும் கூட்டம். "காலு! காலைப் போடு!"ன்னு ஒருத்தி, "கைப்பிடி போடுறா"ன்னு ஒருத்தன். அந்தச் சத்தத்துல புள்ளைங்களுக்குக் கையும் ஓடல, எனக்கு மண்டையும் ஓடல.

இதுக்கு நடுவுல கனிஷ்கா என்னையே போட்டுட்டா. இந்த வயசுப் புள்ளைங்க மனுஷரைப் போட்டா எப்படிப் போடுவாங்கன்னு தெரியுமில்ல? பெருசா ஒரு தலை, தலையிலேர்ந்தே ரெண்டு காலு, காது பக்கத்துல ரெண்டு கை, அவ்ளோதான் மனுஷரு. அப்படி ஒரு நானு, கழுத்தில்லாம, உடம்பில்லாம, தலை முழுக்க வாயா எந்திரிச்சு நின்னு, "உக்காரு! உக்காரு! முதல்ல மணல்ல போடு!"ன்னு கத்த ஆரம்பிச்சுது. ரஞ்சிதக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, "கொஞ்சம் ஒங்க சாடைதான்"னாங்க. கத்திக் கத்தி அலுத்துப்போயி அது படியிறங்கி, ரோட்டுக்குப் போயி, டவுன் பஸ்ல ஏறிப் போயிருச்சு. கண்டக்டர் டிக்கெட் குடுத்தாராம், அது சில்லறை கேட்டு அவரோட சண்டையும் போட்டுச்சாம். அன்னைக்கு சாயங்காலமே மாசிலாமணி இன்னொரு கட்டுப்பாடு போட்டாரு: எதை வேணும்னாலும் போடட்டும், மனுஷரை மட்டும் போடக்கூடாது.

அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டுட்டு வளர்மதி என்கிட்ட வந்தா.

வளர்மதி வதனியோட அம்மா. வதனிக்கு நாலு வயசு, அதிகம் பேசாது, பேசுனா நம்ம கண்ணைப் பாத்துத்தான் பேசும். அவ அப்பா மணிமாறன் போன கார்த்திகை விட்டு அதுக்கு முந்துன கார்த்திகையில, புயல் வருது போவாதீங்கன்னு மைக்குல கத்திக்கிட்டு இருந்த அன்னைக்குப் போட்டை எடுத்துக்கிட்டுப் போனவரு. வீட்டுல அரிசி இல்ல. போனவரும் வரல, போட்டும் வரல, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கல. உடம்பு கிடைக்காததால காரியம் பண்ணாம வச்சிருந்தாங்க. தினமும் காலைல புள்ளையைக் கொண்டாந்து விடறப்ப வளர்மதி படியில கொஞ்ச நேரம் உக்காருவா, கடலைப் பாப்பா, புள்ளை அவ விரலைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். "இந்தப் பாழும் வயிறு ஒண்ணு இல்லேன்னா அந்த மனுஷன் அன்னைக்கு எதுக்கு டீச்சர் கடலுக்குப் போறாரு? எல்லாம் இந்த வயித்தால"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவா. தினமும் அதேதான். நான் "ஆமாம்மா, என்ன பண்றது"ன்னுவேன். தினமும் கேக்கறது காதுல எங்க ஏறுது?

இப்ப மாமனார் வீட்டுல தை அமாவாசைக்குக் காரியம் பண்ணிடலாம்னு நாள் குறிச்சுட்டாங்க. காரியம்னா அவ தாலியைக் கழட்டணும். "அவரு இல்லைன்னு என்னைச் சொல்ல வைக்கிறாங்க டீச்சர். எனக்கு வேற எதுவும் வேணாம், மோட்டார் வேணாம், வூடு வேணாம். அமாவாசைக்குள்ள வதனி அவங்க அப்பாவை ஒரு தடவை போடட்டும். நீங்க பக்கத்துல இருந்து சரியா போட வைங்க"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. அவ கை கருவாட்டு உப்புல வெடிச்சுப்போயி சொரசொரன்னு இருந்துச்சு. எனக்கு அழுகையும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. நாலு காலு ஆட்டையே போட வைக்க முடியாதவகிட்ட வந்து புருஷனைக் கேக்குறாளே!

அவளைக் கூட்டிக்கிட்டு மாசிலாமணிகிட்ட போனேன், கட்டுப்பாடு போட்டவரு அவருதான? அவரு தாடையைத் தடவிக்கிட்டே, "கழுத்து, வயிறு, முட்டிக்காலு எல்லாம் மணல்ல சரியா வரட்டும், நான் வந்து பாக்குறேன். அரைகுறையா வந்து நிக்கக்கூடாது, அந்தப் பொண்ணு தாங்காது"ன்னாரு. நியாயந்தான். ஆனா எல்லா நியாயமும் கடைசியில என் தலையிலதான வந்து விடியுது?

தொடங்குனேன். முதல்ல வளர்மதியைத்தான் கேட்டேன், அப்பா எப்படி இருப்பாருன்னு புள்ளைக்குச் சொல்லணுமே. ஒசரம்? "வாசப்படியில தலை இடிக்கும்." மீசை? "உண்டு." மச்சம்? "கன்னத்துல, பெருசா." எந்தக் கன்னம்? "எடது"ன்னா. மறுநாள் வந்து, "இல்ல டீச்சர், வலது"ன்னா. அதுக்கு மறுநாள் வந்து படியில உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. "எனக்கே தெரியல டீச்சர். தினம் தினம் பாத்த மூஞ்சி. எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல." போன்ல இருந்த படமெல்லாம் போனோட கடலுக்குப் போயிருச்சு. இருந்த ஒரே ரேஷன் கார்டு படத்துல மச்சம் எது, கறை எதுன்னு யாராலயும் சொல்ல முடியல. நான் ஏன்டா கேட்டோம்னு நொந்துபோனேன். கேள்வி கேக்காம எப்படிங்க யோசிக்க வைக்கிறது?

வதனி இதையெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

மணல் தட்டு முன்னாடி உக்கார வச்சேன். தலை போட்டா, நல்ல வட்டம். தலையிலேர்ந்து நேரா ரெண்டு காலு. "கண்ணு, மனுஷருக்குத் தலைக்குக் கீழ என்ன இருக்கு? உன் கழுத்தைத் தொட்டுக் காட்டு." தொட்டுக் காட்டினா. கழுத்தைப் போட்டா. எனக்கு உயிரே வந்துச்சு. "கழுத்துக்குக் கீழ? உன் வயிறு எங்க?" கவுனைத் தூக்கி வயித்தைக் காட்டினா, தொப்புளையும் காட்டினா. "அப்ப அப்பாவுக்கும் வயிறு வேணுமில்ல?" ஒரு நிமிஷம் என்னைப் பாத்துட்டு வயித்தைப் போட்டா. "சமத்து!"ன்னு சொல்லிட்டு, அந்தப் பக்கம் ரெண்டு புள்ளைங்க அடிச்சுக்கிட்டாங்கன்னு போயி பிரிச்சுவிட்டுட்டு வந்து பாத்தா, வயித்தைக் காணோம். உள்ளங்கையால அழிச்சுட்டு, கழுத்துக்குக் கீழ காலைச் சேத்து வச்சிருக்கு.

ஒரு தடவை இல்லைங்க. தினமும். நான் பாத்தா வயிறு இருக்கும், திரும்புனா இருக்காது. முட்டிக்காலு போடச் சொன்னேன், போட்டா. கால்ல விரலு, போட்டா, நகம்கூட வச்சா. கை, மீசை, காது, சொன்னதெல்லாம் வந்துருச்சு, வயிறு மட்டும் நிக்க மாட்டேங்குது. நான் செல்லம் கொஞ்சினேன், மிட்டாய் குடுத்தேன், மிரட்டினேன். லோகித்தைச் சட்டையைக் கழட்டி நிக்க வச்சு, "இது தலை, இது கழுத்து, இது தொந்தி"ன்னு பாட்டாவே பாடினேன், எல்லாப் புள்ளைங்களும் பாடுச்சு, வதனியும் பாடுச்சு. ரஞ்சிதக்கா கொழுக்கட்டை மாவுல ஒரு ஆளு பண்ணிக் குடுத்தாங்க, தலைக்கு ஒரு உருண்டை, வயித்துக்கு ஒரு பெரிய உருண்டை. வதனி அதை வாங்கி, நல்லா உத்துப் பாத்து, வயித்து உருண்டையைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு, தலையையும் காலையும் சேத்து ஒட்டிட்டா. நான் செவுத்துல தலையை முட்டிக்காத குறைதான். ஏன்டி இப்படிப் பண்றன்னு கேட்டா பேச மாட்டா. நாலு வயசுலயே இம்புட்டு அழுத்தமா? அமாவாசை வேற ஓடி வந்துக்கிட்டு இருக்கு, வளர்மதி வேற தினமும் படியில உக்காந்து, "வந்துருச்சா டீச்சர்?"ங்கிறா, நான் "வந்துரும், வந்துரும்"ங்கிறேன்.

மாசிலாமணி மணலைப் பாக்க வந்த அன்னைக்கு நான் புள்ளை பக்கத்துலேயே ஒட்டி உக்காந்துக்கிட்டேன், கண்ணை இமைக்கல. வயிறு இருந்துச்சு. அவரு பாத்துட்டு, "சரி, நாளைக்குப் பேப்பரைக் குடுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல ஊரே பால்வாடியில. ஜன்னல்ல தலை, கதவுல தலை, தென்னை மரத்து மேல அந்தச் சூரியன்கூட எட்டிப் பாக்குது. வளர்மதி தலை குளிச்சுட்டு, அவரோட லுங்கி ஒண்ணைத் துவைச்சு மடிச்சு எடுத்துக்கிட்டு, தூக்குவாளியில சோறும் சங்கரா மீன் குழம்பும் கொண்டு வந்து வாசப்படி ஓரமா நின்னா. ஆளு வந்ததும் பசியோடதான வருவாருன்னு ஆக்கிட்டு வந்திருக்கா. நான் பெரிய சார்ட் பேப்பரைத் தரையில விரிச்சேன். எல்லாரையும் பாத்து, "யாராவது வாயைத் திறந்தீங்க, கதவைச் சாத்திடுவேன்"னு சொல்லிட்டு வதனி பக்கத்துல உக்காந்தேன்.

அந்தப் புள்ளை முதல்ல க்ரேயானைத் தொடல. பேப்பரோட மேல் ஓரத்துல கையை வச்சு, சாண் சாணா அளந்துக்கிட்டே கீழ வரைக்கும் வந்துச்சு. தலை வர்ற எடத்துல விரலால ஒரு வட்டம், காலு வர்ற எடத்துல ஒரு தட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இதைத்தான, இந்த ஒண்ணைத்தான நான் கரடியா கத்திக்கிட்டு இருந்தேன்! அப்புறம் தொடங்குச்சு. தலை. கண்ணு ரெண்டு. மீசை, ஒரு ஒரு முடியா. மச்சம், இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு. "ரெண்டு பக்கமும் எதுக்குடி?"ன்னு மெதுவா கேட்டேன். "அம்மா அழுவாதுல்ல"ன்னுச்சு. வாயி, நல்லா சிரிச்ச வாயி. கழுத்து, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. கையி, விரலு, நகம். அப்புறம் கழுத்துக்கு அடியிலேர்ந்து ஒரே கோடா, நேரா, பேப்பர் முடியற வரைக்கும் ரெண்டு காலு.

"வயிறு! வயிறு!"ன்னு ஜன்னல் பக்கம் கத்திட்டாங்க. நான் க்ரேயானைப் புடுங்கப் பாய்ஞ்சேன். அதுக்குள்ள வதனி டப்பாவை மூடிட்டா.

அவரு எந்திரிச்சாரு. முதல்ல கண்ணு ரெண்டும் இமைச்சுது, அப்புறம் கையை ஊணி, முட்டியை மடக்கி, மெதுவா எந்திரிச்சு நின்னாரு, ஒசரமாத்தான் இருந்தாரு. குடம் மாதிரி தலை, கழுத்து, கழுத்துலேர்ந்து காலு. சட்டை போட எடமில்ல, சோறு போட எடமில்ல. சிரிச்சுக்கிட்டே சுத்தி எல்லாரையும் பாத்தாரு. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. ஊர் முன்னாடி, அந்தப் பொண்ணு முன்னாடி, எல்லாம் போச்சே!

"வயிறு எங்கடி?"ன்னு கத்துனேன். "கழுத்துக்கு அப்புறம் என்னடி வரும்? எத்தனை தடவை சொன்னேன், எத்தனை தடவை மணல்ல போட்ட! கொஞ்சமாவது யோசிச்சியா? யோசிச்சுப் போடு, யோசிச்சுப் போடுன்னு தொண்டை கிழியக் கத்துறேனே, ஒரு நிமிஷம் யோசிச்சியாடி நீ?"

வதனி அழல. மக்குப் புள்ளைக்குக் கணக்கு சொல்ற மாதிரி என்னைப் பாத்துச்சு.

"யோசிச்சுத்தான் டீச்சர் போட்டேன். வயிறு இருந்தா அப்பா கடலுக்குப் போயிடுவாரு."

படியில உக்காந்து வளர்மதி தினமும் சொன்னது, நான் ஆமாம்மான்னு தலையாட்டிட்டு உள்ள போனது, விரலைப் புடிச்சுக்கிட்டு இந்தப் புள்ளை நின்னது, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நாங்க ஒவ்வொரு தடவையும் அந்த வயித்தைப் போட வைக்கிறப்ப இதுக்கு எப்படி இருந்திருக்கும்? அடிவயித்துலேர்ந்து ஒரு விசும்பல் எனக்குத்தான் வந்துச்சு. ஜன்னல்ல இருந்த ஆம்பளைங்க யாரும் நிமிந்து பாக்கல, மாசிலாமணி துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாரு.

வளர்மதி உள்ள வந்தா. அவரைச் சுத்தி வந்து, ஒரு கன்னத்து மச்சத்தைத் தொட்டா, இன்னொரு கன்னத்து மச்சத்தைத் தொட்டா. லுங்கியை விரிச்சு, கட்டறதுக்கு இடுப்பைத் தேடி, இடுப்பில்லைன்னதும் கழுத்தோரமா சுத்திக் கட்டிவிட்டா, கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. "வாங்க"ன்னா. மூணு பேரும் வெளிய போயி வாசப்படியில உக்காந்தாங்க.

தூக்குவாளியைத் திறந்து சோத்தைப் பிசைஞ்சு அவர் பக்கம் நீட்டினா. அவரு சிரிச்சுக்கிட்டே வேணாம்னு தலையாட்டினாரு. நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் அவ அதைத் தன் வாயிலேயே போட்டுக்கிட்டா. அடுத்த வாய் புள்ளைக்கு, அதுக்கடுத்தது அவளுக்கு, அழுதுக்கிட்டே, மூக்கை உறிஞ்சிக்கிட்டே, முள்ளை எடுத்து எடுத்து வச்சுட்டு, வாளி காலியாகற வரைக்கும் தின்னா. அவ ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

"காரியத்துக்குச் சொல்லியிருக்கிற ஆளுங்களை வர வேணாம்னு சொல்லிடுங்கப்பா"ன்னு மாசிலாமணி யாருக்கோ சொல்லிக்கிட்டே கரைப் பக்கம் நடந்தாரு. நான் சார்ட் பேப்பரை எடுத்துச் சுருட்டிட்டு, ரஞ்சிதக்கா குடுத்த டீயை வாங்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன்.

சாயங்காலத் தொழிலுக்குப் போட்டுங்க கிளம்பற நேரம். முதல் மோட்டார் சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. அந்தச் சத்தம் கேட்டா இந்த ஊர் ஆம்பளைங்களுக்குக் கழுத்து தன்னால கடல் பக்கம் திரும்பிடும், பீடி பத்த வச்சுக்கிட்டு இருந்தாலும் சரி, சண்டை போட்டுக்கிட்டு இருந்தாலும் சரி. அன்னைக்கும் அங்க நின்ன அத்தனை கழுத்தும் திரும்புச்சு. வாசப்படியில வதனியைக் கால் மேல உக்கார வச்சுக்கிட்டு இருந்தவருக்கும் கழுத்து உண்டு, நான்தான் போட வச்சேன். அது திரும்பல.